ஏரிக்குள் கொக்கு கூடு கட்டுவது எப்படி? தண்ணீர் நிற்கும் நாட்களின் கணக்கு

வேடந்தாங்கலில் பறவைகள் கூடத் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வரும்: "சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்புகின்றன." ஏரிச் சீரமைப்புக் கூட்டங்களில் வேறொரு பேச்சு: "நடுவில் ஒரு மண்திட்டு போட்டு மரம் நட்டால் கொக்கு தானாக வந்துவிடும்." முதலாவது கொக்குகளைப் பொறுத்தவரை தவறு. இரண்டாவதை நம்பிப் பணம் செலவழித்த பல ஏரிகளில் திட்டு இருக்கிறது, மரம் இருக்கிறது, கூடு இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு கொக்கு கூடு கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறது, அதற்கு எத்தனை நாள் தேவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கூடு கட்டுவது யார்?

நம் ஏரிகளில் கூடு கட்டும் கொக்குக் குடும்பத்துப் பறவைகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடலாம்: சின்ன வெள்ளைக்கொக்கு, நடுத்தர வெள்ளைக்கொக்கு, பெரிய வெள்ளைக்கொக்கு, மாட்டோடு மேயும் உண்ணிக்கொக்கு, வாய்க்கால் ஓரத்து மடையான், இரவில் இரை தேடும் வக்கா, சாம்பல் நாரை, செந்நாரை. கடைசி இரண்டும் பெயரில் நாரையாக இருந்தாலும் கொக்குக் குடும்பம்தான். பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டால் கொக்கு. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை ஆகியவை கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும்.

இவை எதுவும் குஞ்சு பொரிப்பதற்காகச் சைபீரியாவிலிருந்து வருவதில்லை. நம் நாட்டுக்குள்ளேயே, தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் தேடி நகர்பவை. வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே தின்று தெம்பு ஏற்றிக்கொண்டு, கூடு கட்டத் தங்கள் ஊருக்கே திரும்பிவிடும். இரண்டு கூட்டமும் ஒரே ஏரியில் ஒரே மாதத்தில் இருப்பதால் வந்த குழப்பம் இது.

மனிதன் வெட்டிய ஈரநிலம்

ஆண்டில் சில மாதமாவது ஆழமில்லாத தண்ணீர் நிற்கும் நிலத்தை ஈரநிலம் என்கிறோம். அந்தத் தண்ணீரை மனிதன் கரை கட்டி நிறுத்தியிருந்தால் அது செயற்கை ஈரநிலம். இந்தப் பெயரைக் கேட்டதும் சிமெண்டுத் தொட்டியை நினைக்க வேண்டாம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, இராமநாதபுரத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், திருநெல்வேலியின் கூந்தன்குளம் எல்லாமே கண்மாயும் குளமும்தான். இராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயமும் கரை போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டதால் உருவான சதுப்பே.

இவற்றில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது மழையின் கையில் பாதி, மதகின் கையில் பாதி. கொக்கின் இனப்பெருக்கமும் அப்படித்தான்.

நெல்லுக்கு நாள் கணக்கு, கொக்குக்கும் நாள் கணக்கு

ஏரி நிரம்பியதும் விவசாயி என்ன செய்கிறார்? இந்தத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கிறார். 110 நாள் தாங்குமென்றால் குறுகிய கால நெல், 150 நாள் தாங்குமென்றால் நீண்ட கால ரகம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடை வறண்டால் போட்ட முதல் அத்தனையும் போச்சு. கொக்கின் நிலையும் இதுவே. அதற்கும் ஒரு வயது இருக்கிறது, நடுவில் தண்ணீர் வற்றினால் விளைச்சல் இல்லை.

சின்ன வெள்ளைக்கொக்கின் கணக்கைப் பார்ப்போம். இணை சேர்ந்து கூடு கட்ட ஒரு வாரம் முதல் பத்து நாள். ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் 3 முதல் 5 முட்டை. அடைகாக்க 21 முதல் 25 நாள். பொரித்த குஞ்சு பறக்க 40 முதல் 45 நாள். கூட்டினால் ஏறக்குறைய 80 நாள். உண்ணிக்கொக்கின் குஞ்சு ஒரு மாதத்திலேயே சிறகடித்துப் பறக்கப் பழகிவிடும், அதனால் அதன் கணக்கு குறைவு. சாம்பல் நாரைக்கு அடைகாக்க 25, 26 நாள், குஞ்சு பறக்க 50 நாளுக்கு மேல், ஆக 90 நாளைத் தாண்டிவிடும்.

இது ஒரு இணைக்கான கணக்கு. ஆனால் ஏரியில் எல்லா இணையும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. முதல் கூட்டம் கட்டி முட்டையிட்ட பிறகும் அடுத்தடுத்து புது இணைகள் வந்து இடம் பிடித்தபடியே இருக்கும். கடைசியாகத் தொடங்கியவை முதலாவதிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூடப் பின்தங்கியிருக்கும். ஆகவே ஏரிக்கு வேண்டியது 80 நாள் தண்ணீர் அல்ல, 120 முதல் 130 நாள். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் வேடந்தாங்கல் பங்குனி வரை தண்ணீர் வைத்திருந்தால்தான் பின்வரிசைக் குஞ்சுகள் பறக்கும்.

மழை மாறினால் மாதமும் மாறும். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் பரத்பூரில் இதே இனங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை கூடு கட்டுகின்றன. மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்து சேரும் கூந்தன்குளத்தில் தை பிறந்த பிறகே கூடுகள் பெருகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கொக்கு கூடு கட்டும் காலத்தை நாட்காட்டி முடிவு செய்வதில்லை, தண்ணீர் முடிவு செய்கிறது. ஒரு இணைக்கு ஏறக்குறைய மூன்று மாதம், ஒரு ஏரிக்கு நான்கு மாதத்துக்கும் மேல்.

ஏறிய தண்ணீர் கூட்டுக்கு, இறங்கும் தண்ணீர் குஞ்சுக்கு

தண்ணீர் நிறைய இருந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. கொக்குக்குத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது, இரண்டுக்கும் வேண்டிய மட்டம் வேறு வேறு.

கூட்டு மரத்தின் அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். நாய், நரி, காட்டுப்பூனை, கீரி, குரங்கு எதுவும் எளிதில் மரத்தை நெருங்காது. ஆட்களும் நடந்து போக மாட்டார்கள். காகத்தையும் பருந்தையும் தண்ணீர் தடுக்காது, அதற்குத்தான் கூட்டமாகக் கட்டுவது: பெரும்பாலான கூடுகளில் எப்போதும் ஒரு பறவை அலகை நீட்டிக்கொண்டு நிற்கும்.

இரை தேடும் இடத்திலோ தண்ணீர் ஆழமாக இருக்கக் கூடாது. கொக்கு நீந்தி மீன் பிடிப்பதில்லை, நின்று பிடிக்கிறது. சின்ன வெள்ளைக்கொக்கு 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் சுகமாக நடமாடும். உயரமான சாம்பல் நாரைக்கும் 30, 40 சென்டிமீட்டர் எல்லை. கரை ததும்ப நிற்கும் ஏரியில் மீன் ஏராளமாக இருக்கும், ஆனால் கொக்குக்கு எட்டாது. அந்த நாட்களில் அது வயலுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்துக் குட்டைக்கும் போய்வரும். ஏரி மெல்ல வற்ற வற்ற ஓரத்தில் சேறும் தண்ணீரும் கலந்த பட்டை அகலமாகும், மீன் குறைந்த தண்ணீரில் நெருங்கிச் சேரும். குஞ்சுகள் அதிகம் தின்னும் வாரங்கள் இந்த இறக்கத்தோடு ஒத்துப்போனால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு.

ஆக, வேண்டியது மெதுவான இறக்கம். நாலு மாதத்தில் சீராக வடியும் ஏரி கொக்கு வளர்க்கும். ஒரே வாரத்தில் மதகு திறந்து வடிக்கப்பட்டால் மரத்தடி காய்ந்துவிடும், நாய் வந்துவிடும், இரை தேடும் இடமும் சேர்ந்தே போய்விடும்.

ஒரே மரத்தில் யாருக்கு எந்தக் கிளை?

பல இனங்கள் ஒரே மரத்தில் சேர்ந்து கூடு கட்டும் இடத்தைக் கொக்குக் குடியிருப்பு என்போம். நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அதே மரங்களில் பங்கு கேட்கும். பெரும்பாலும் உடல் பெரியது உச்சியில்: சாம்பல் நாரையும் பெரிய வெள்ளைக்கொக்கும் மேலே, நடுவில் மற்ற வெள்ளைக்கொக்குகள், இலை அடர்ந்த உட்கிளையில் வக்காவும் மடையானும் உண்ணிக்கொக்கும். பெரிய பறவைக்கு இறங்கி ஏற வெளி வேண்டும், சின்னதற்கு மறைவு வேண்டும். செந்நாரை மட்டும் மரத்தைவிடச் சம்பு, நாணல் புதர்களையே விரும்பும்.

கூட்டைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். சுள்ளியைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிய தட்டு. கீழிருந்து பார்த்தால் இடுக்கு வழியாக வெளிர் நீலப்பச்சை முட்டை தெரியும். உண்ணிக்கொக்கின் முட்டை ஏறக்குறைய வெள்ளை. சுள்ளி கொண்டுவருவது பெரும்பாலும் ஆண், வாங்கிச் செருகுவது பெண். சுள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தால் பக்கத்துக் கூட்டிலிருந்து உருவிக்கொள்ளும். அதனால்தான் ஒரு பறவை எப்போதும் கூட்டை விட்டு நகராது: முட்டையைக் காப்பதற்கு முன்பே சுள்ளியைக் காக்க வேண்டியிருக்கிறது.

இந்த நாட்களில் பறவையின் நிறமே மாறும். சின்ன வெள்ளைக்கொக்கின் பிடரியில் இரண்டு நீள இறகு தொங்கும், முதுகில் நூல் நூலாகத் தூவி விரியும், கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள தோல் சில நாளைக்குச் சிவந்து நிற்கும். பெரிய வெள்ளைக்கொக்கின் மஞ்சள் அலகு கறுக்கும். மண்நிற மடையானின் முதுகு அரக்குச் சிவப்பாகும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூசினாற்போல் ஆகும். ஏரியில் இந்த நிறங்கள் தெரியத் தொடங்கினால் கூடு வேலை ஆரம்பித்துவிட்டது என்று பொருள், மதகுக்காரரும் மீன் குத்தகைக்காரரும் அப்போதே உஷாராக வேண்டும்.

ஒரே கூட்டில் பெரியதும் சின்னதுமாக ஏன்?

கோழி எல்லா முட்டையும் இட்ட பிறகு அடைகாக்கும், குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவரும். கொக்கு முதல் ஒன்றிரண்டு முட்டை இட்டதுமே உட்கார்ந்துவிடும். நாலு முட்டை என்றால் முதல் குஞ்சு பொரிந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் கடைசி முட்டை உடையும். இதை முன்பின் பொரிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

விளைவு கூட்டுக்குள் கண்கூடாகத் தெரியும். மூத்த குஞ்சு கழுத்தை நீட்டித் தாயின் அலகைக் குறுக்கே கவ்வி இழுக்கும், தாய் கக்கும் இரை நேரே அதன் வாய்க்குள் போகும். கடைக்குட்டி சிந்தியதைப் பொறுக்கும். இரை குறைந்தால் மூத்தவை அதைக் கொத்தி ஒதுக்கும், சில நேரம் கூட்டிலிருந்து தள்ளியும் விடும். பெற்றோர் தடுப்பதில்லை. பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் இதில் ஒரு காரணம் இருக்கிறது. முட்டையிடும்போது இரண்டு மாதம் கழித்து எவ்வளவு மீன் இருக்கும் என்று பறவைக்குத் தெரியாது. மழை நன்றாகப் பெய்து இரை நிறைந்தால் நாலும் பிழைக்கும். குறைந்தால் இருக்கும் இரையை நாலாகப் பிரித்து நாலும் சாவதற்குப் பதில் இரண்டு குஞ்சாவது பறக்கும்.

ஆகவே குடியிருப்பின் கீழே சில சின்னக் குஞ்சுகள் இறந்து மிதப்பதை மட்டும் வைத்து நோய் என்றோ நஞ்சு என்றோ முடிவுகட்டக் கூடாது. எல்லா அளவுக் குஞ்சும், வளர்ந்த பறவையும் சேர்ந்து விழுந்தால்தான் உடனே விசாரிக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது?

பெரிய தவறு, தூர்வாரும் விதம். ஏரியின் உள்வாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குக் கிண்ணம்போல் வெட்டி, சுற்றிலும் செங்குத்தான கரை போட்டுவிடுகிறார்கள். கொள்ளளவு கூடும், கணக்கு காட்ட வசதி. ஆனால் கொக்கு நிற்கிற கணுக்கால் தண்ணீர் ஓர் அடிகூட மிஞ்சாது. நடுத்திட்டில் மரம் வளர்ந்தும் கூடு வராததற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான். மதகை ஒட்டிய பகுதியை ஆழமாக்கிவிட்டு, வரத்துக்கால் வந்து சேரும் பக்கத்தைச் சரிவாகவே விட்டுவிடலாம், பாசனத்துக்கும் குறைவு வராது.

இரண்டாவது, கூட்டமாகப் போய்ப் பார்ப்பது. படகோ டிரோனோ வெடிச்சத்தமோ பறவையை எழுப்பிவிட்டால் அது திரும்பி உட்கார ஐந்து நிமிடம் ஆகலாம், காகத்துக்கு முட்டை எடுக்க அரை நிமிடம் போதும். நண்பகல் வெயிலில் தாய் சிறகை விரித்து நிழல் தராவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு சீக்கிரமே துவண்டுவிடும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சு பயந்தால் தின்றதைக் கக்கிவிட்டுக் கிளைக்குத் தாவும், பெற்றோர் பல கிலோமீட்டர் போய்வந்து கொடுத்த ஒரு வேளை உணவு தண்ணீரில் போகும். 100 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று இருநோக்கியில் பார்ப்பது நல்ல வழக்கம். வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாத காரியம் இது, மனதார வணங்க வேண்டும்.

மூன்றாவது, சீமைக் கருவேலத்தை ஒரே மூச்சில் அடியோடு எடுப்பது. அந்த மரம் நல்லதல்ல, சந்தேகமில்லை. ஆனால் வேறு மரமே இல்லாத கண்மாயில் கொக்கு அதில்தான் கூடு வைத்திருக்கும். நாட்டு மரம் வளரும்வரை பகுதி பகுதியாக, கூடு இல்லாத கோடையில் எடுக்க வேண்டும். அறுந்த நைலான் வலை கிளையில் தொங்குவதும் கேடு, சுள்ளியோடு சேர்ந்து கூட்டுக்குப் போய்க் குஞ்சின் காலைச் சுற்றிக்கொள்ளும்.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது பறவை தானே செய்வது. எச்சம் ஆண்டுக்கணக்கில் விழுந்தால் மரம் இலை உதிர்த்துப் பட்டுப்போகும். அதே எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கல் மக்கள் இதை நன்றாக அறிந்திருந்ததால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு 1798-இல் பறவைகளுக்குப் பாதுகாப்பு உறுதி எழுதி வாங்கினார்கள்.

திட்டும் மரமும் அமைப்பவர்களுக்கு

திட்டின் தலை, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டராவது இருக்கட்டும். இல்லையென்றால் முதல் பெருமழையில் கன்று மூழ்கும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் நீண்ட சரிவாக விடுங்கள், மண்ணும் கரையாது, கொக்குக்கு நிற்க இடமும் கிடைக்கும். ஒரே பெரிய திட்டைவிடக் கரையிலிருந்து தள்ளிய நாலைந்து சின்னத் திட்டு நல்லது.

மரத்தில் முதல் தேர்வு நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும். நீர்க்கடம்பு மாதக்கணக்கில் அடிமரம் மூழ்கி நின்றாலும் தாங்கும், வேடந்தாங்கலின் கூடுகளை நெடுங்காலமாகச் சுமப்பது அதுதான். கருவேலம் வேகமாக வளரும், முள் கூட்டுக்குப் பிடிமானம். அதன் விதையைத் தேடி அலைய வேண்டாம்: ஆடு நெற்று தின்று பட்டியில் போட்ட விதை நன்றாக முளைக்கும். கோடையில் குழி எடுத்து, மழைக்கு முன் இடுப்பளவு கன்றாக நட்டு, முதல் இரண்டு கோடைக்கு ஆடு மாடு நெருங்காமல் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும். கூடு தாங்கும் கிளை வர ஐந்தாறு ஆண்டு ஆகும். எச்சத்தால் மரம் சாகும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நடாமல் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில் வரிசை வரிசையாக நடுங்கள்.

ஊருக்குள் கூடு இருந்தால்

மடையானும் வக்காவும் பேருந்து நிலையத்துப் புளிய மரத்திலும் தூங்குமூஞ்சி மரத்திலும் கூடு கட்டும். எச்சம் விழுகிறது என்று கிளையை வெட்டப் புறப்படுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதாகவே கருதப்படும். கூடு காலியாக ஓரிரு மாதம் பொறுத்தால் வேண்டிய கிளையைப் பிறகு கழிக்கலாம். அதுவரை கீழே தார்ப்பாய் கட்டினால் போதும்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், ஓரளவு இறகு முளைத்ததாகவும் காயமில்லாததாகவும் இருந்தால் எட்டும் கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், கிளையைப் பற்றி ஏற அதற்குத் தெரியும். காயமிருந்தால் துணி போட்டு மூடி, கழுத்தையும் அலகையும் முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பித் தூக்குங்கள், பயந்த கொக்கு கண்ணைத்தான் குத்தும். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.